எந்த வாசகர் வந்து கேட்டாலும் புத்தகம் எடுத்துக் கொடுக்கப் பழகுவது எப்படி?

வில்லுக்குறி வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து ஊர்ப்புற நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பாக சனி, ஞாயிறு உட்காரப் போகிறேன். வருகிறவர்களிடம் பேசி, அவரவருக்குத் தோதான புத்தகத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. என் படிப்பெல்லாம் ஒரே பக்கம்: சுந்தர ராமசாமி, நாஞ்சில் நாடன், நீல பத்மநாபன், அசோகமித்திரன். வருகிறவர்கள் கேட்பதோ ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், சாண்டில்யன், சித்தர் கதை, டிஎன்பிஎஸ்சி. என்ன கேட்டால் அவர்களுக்கு வேண்டியது வெளியே வரும்? நான் தொடாத வகைகளை எப்படிப் பழகுவது? எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க ஆயுசு போதாது. எங்கெங்கே சொதப்பும் என்றும் சொல்லுங்கள்.

பழையாறு:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில்.

"உங்களுக்கு எந்த மாதிரி புக் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "எதுன்னாலும் படிப்பேன் சார்" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "கடைசியா ரசிச்சுப் படிச்சது எது? அதுல என்ன பிடிச்சுது?" என்று கேளுங்கள். இதில் இரண்டாவது பாதிதான் உயிர். முதல் பாதிக்கு ஒரு தலைப்பு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அதே ஆசிரியரின் அடுத்த நாவலை எடுத்து நீட்ட எவராலும் முடியும்.

நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர், வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல் உண்டு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நாலும் இருக்கும், ஒன்றிரண்டு மட்டும் அகலமாகத் திறந்திருக்கும். வாசகர் எந்த வாசல்வழி போனார் என்பதை அவர் வாயில் வருகிற சொல்லே காட்டிக் கொடுக்கும். "கீழ வைக்க முடியல" என்றால் கதை. "அந்தப் பிள்ளைய நெனைச்சு உறக்கமே வரல" என்றால் பாத்திரம். "அங்கயே போய் இருந்த மாதிரி" என்றால் களம். ஒரு வரியை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறார் என்றால் மொழி.

ஒரு பேச்சு எப்படிப் போகும் என்று எழுதிக் காட்டுகிறேன்.

"செம்மீன் படிச்சேன், கொள்ளாம்."
"அதுல எது ரொம்பப் பிடிச்சுது அக்கா?"
"அந்தக் கடப்புறம்தான். மீன் பட்டா ஒரு மாதிரி, படலன்னா ஒரு மாதிரி."
"கருத்தம்மா, பரீக்குட்டி?"
"அது சினிமாலயே பாத்தாச்சே."

செம்மீன் காதல் கதை என்று நினைத்து இன்னொரு காதல் கதையைக் கொடுத்தால் புத்தகம் படிக்காமல் திரும்பி வரும். அக்கா போனது கள வாசல். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கொடுக்கலாம். சின்னப் புத்தகம், அதே உப்புக்காற்று. அது ஓடினால் அடுத்து ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு'. அது தடிமன், மொழியும் கடற்கரை மொழி. முதலிலேயே கொடுத்தால் பயந்துவிடுவார்கள். அதே அக்கா "கருத்தம்மா பாவம்" என்று தொடங்கியிருந்தால் இந்த இரண்டையும் தொடவே வேண்டாம், ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' போதும்.

கூடவே கேட்க வேண்டிய சின்னக் கேள்விகள்: எப்போ படிப்பீங்க, பஸ்ஸிலா உறங்கப் போகும் முன்பா? தடி புத்தகம் கையில் பிடிக்க முடியுமா? எழுத்துப் பெரிசாக வேணுமா? கடைசியாக, "எது வேண்டாம்?" பலருக்கு வேண்டியதைச் சொல்லத் தெரியாது, வேண்டாததைச் சொல்லத் தெரியும். "சாவு வேண்டாம் சார்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அலமாரியில் பாதி தானாகவே விலகிவிடும்.

மார்த்தாண்டம் கடைத்தெரு:

கடையில் அதிகம் வருகிற கேள்வி ஒன்றே ஒன்று: "பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு, அடுத்து என்ன?" 2022-லும் 2023-லும் படம் வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிப்போச்சு. இதற்கு ஒற்றைப் பதில் வைத்திருப்பவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம்.

பழையாறு அண்ணாச்சி சொன்ன வாசல் கணக்கிலேயே பாருங்கள். சூழ்ச்சி, ஒற்றன், சுரங்கப்பாதை என்று விறுவிறுப்புக்காகப் படித்தவருக்கு சாண்டில்யன்: 'யவன ராணி' இரண்டு பாகம், 'கடல் புறா' மூன்று பாகம். ஆனால் சாண்டில்யனின் வர்ணனை பக்கம் பக்கமாக ஓடும், சிருங்காரமும் தாராளம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பா வாங்கிக் கொடுக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோழர்மேல் உள்ள ஆசையில் படித்தவருக்கு பாலகுமாரனின் 'உடையார்', ஆறு பாகம். அது பெரிய கோவில் கட்டுகிற கதை, நடை மெதுவானது, வந்தியத்தேவன் வேகத்தை அதில் தேடினால் ஏமாற்றம்தான். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பவருக்கு நாவலே வேண்டாம், நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' தமிழிலேயே இருக்கிறது. வந்தியத்தேவனின் வாய்த்துடுக்குக்காகவும் ஆழ்வார்க்கடியான் வம்புக்காகவும் படித்தவர் நிறைய உண்டு. அவர்களுக்குச் சரித்திரமே தேவையில்லை, தேவனின் 'துப்பறியும் சாம்பு' கொடுத்துப் பாருங்கள். தமிழ் நிலம், மலை, பழங்குடி என்று பெரிதாக விரிய வேண்டும் என்பவருக்கு 'வேள்பாரி'. நம்ம ஊர்ப் பக்கத்துச் சரித்திரம் கேட்பவருக்கு சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா'. 1891-ல் மலையாளத்தில் வந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. பத்மநாபபுரம் கோட்டையைச் சுற்றி வந்தவர்களுக்கு அது வேற மாதிரி இருக்கும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் எல்லாப் பதிப்பகமும் போடுகிறது. வாங்கும்போது நடுவில் நாலு பக்கம் புரட்டி எழுத்துப்பிழை பாருங்கள், சுருக்கப் பதிப்பா முழுசா என்று அட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். சுருக்கப் பதிப்பைப் படித்துவிட்டு "கல்கி அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்று சொல்கிறவர்களிடம் என்ன பேச முடியும்?

தோவாளை மல்லி:

நல்ல இழை. ஆனால் ஒரு சந்தேகம். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் என்று கேட்டதையே கொடுத்துக்கொண்டிருந்தால் நூலகம் எதற்கு? படிப்படியாக நல்ல இலக்கியத்துக்குக் கொண்டுவர வேண்டாமா? ரமணிசந்திரனிலிருந்து லக்ஷ்மி, அங்கிருந்து தி. ஜானகிராமன் என்று ஒரு ஏணி போட்டால்?

பழையாறு:

டீச்சர், ஏணியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காதல் நாவல் வாசகர் ரமணிசந்திரன் எடுப்பது ஒரு உறுதிக்காக: கோபம், தப்பெண்ணம், பிரிவு எல்லாம் வரும், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள், குடும்பம் சிதறாது. அந்த உறுதி உள்ளே இருப்பதால்தான் நடுவில் அழ முடிகிறது. அவர் கையில் 'அம்மா வந்தாள்' கொடுத்தால் அது உயர்ந்த நாவலாகவே இருக்கட்டும், நீங்கள் அந்த உறுதியை உடைத்துவிட்டீர்கள். அடுத்த வாரம் அவர் உங்கள் மேஜைப் பக்கம் வராமல் நேராக அலமாரிக்குப் போவார்.

பக்கவாட்டில் நகர்த்தலாம், அதற்கு முடிவு எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். 'புத்தம் வீடு' நான் மேலே சொன்னதன் காரணம் அதுதான். 1964-ல் வந்த நாவல், இலக்கியக்காரர்கள் கொண்டாடுவது, ஆனால் லிஸியின் காத்திருப்பு ரமணிசந்திரன் வாசகிக்கு நன்றாகப் பழகிய காத்திருப்பு, முடிவும் கைவிடாது. "இது பெரிய இலக்கியம்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "நம்ம பக்கத்துப் பனைவிளைக் கதை, ஒரு பொண்ணு காத்திருக்கா" என்றால் போதும்.

நூலக அறிஞர், நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-லேயே எழுதிவிட்டார்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். மேல், கீழ் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

தோவாளை மல்லி:

முடிவைப் பார்த்துக் கொடுப்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் ஏணி இல்லாமல் முடியாது. வயதுக்கேற்ப வாக்கியம் நீள வேண்டும், அது வேறு கணக்கு.

வகுப்பு நூலகம் வைத்திருப்பவர்களுக்கு: படிக்கவே பிடிக்காத ஏழாம் வகுப்புப் பையனுக்கு காமிக்ஸ் கொடுங்கள். முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, இன்றைக்கும் அந்த வயதுக்கு வேலை செய்கிறது. படம் பார்க்கிறானா, கட்டத்துக்குள் எழுத்தைப் படிக்கிறானா என்று அருகே உட்கார்ந்து பாருங்கள். எழுத்தைத் தாண்டிப் போகிறான் என்றால் பிரச்சினை ஆர்வமில்லாதது அல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான். அவனுக்கு அதே பக்கத்தை யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஓரளவு ஓடுகிறவனுக்கு வாண்டுமாமா. விஞ்ஞானம் கேட்கும் பெண்பிள்ளைக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா', ஒரே அமர்வில் முடிகிற சிறு புத்தகம், ஆனால் சோகமான முடிவு, முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

வில்லுக்குறி வாசகன்:

டீச்சர், அண்ணாச்சி, ரொம்ப உபயோகம். இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. க்ரைம் நாவலில் எனக்கு அ, ஆ தெரியாது. எங்கே தொடங்க?

மார்த்தாண்டம் கடைத்தெரு:

ஒரு மாதத்துக்கு ஒரு வகை என்று வையுங்கள், ஐந்து புத்தகம் போதும். ஆனால் ஒரே ஆசிரியரின் ஐந்து வேண்டாம், வகைக்குள்ளேயே ஐந்து கோணம். க்ரைமுக்குச் சொல்கிறேன்.

ராஜேஷ்குமாரின் மாத நாவல் ஒன்று: இரண்டு தடத்தில் கதை தனித்தனியாக ஓடிக் கடைசியில் ஒன்றாக முட்டும், அத்தியாய முடிவில் ஒரு கொக்கி, ஒரே இருப்பில் முடியும். பட்டுக்கோட்டை பிரபாகர் ஒன்று: அவருடைய துப்பறியும் ஜோடி பரத், சுசீலாவின் கேலிப்பேச்சுக்காகவே படிக்கிற கூட்டம் உண்டு, அவர்களுக்குக் கொலையாளி யார் என்பது இரண்டாம்பட்சம். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதை ஒன்று, 'கொலையுதிர் காலம்' எடுங்கள், பேயா விஞ்ஞானமா என்று இழுக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் ஒன்று: கோவில், சித்தர், பழைய வீடு, விளங்காத மர்மம். ஐந்தாவது நாவலே அல்லாதது: 'திருடன் மணியன்பிள்ளை'. ஜி.ஆர். இந்துகோபன் மலையாளத்தில் எழுதிய ஒரு திருடனின் தன்வரலாறு, நம்ம குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பு, 2018-க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கியது. க்ரைம் மட்டுமே படிப்பேன் என்கிறவரை வேறு அலமாரிக்குக் கூட்டிப்போக இதைவிட நல்ல புத்தகம் என் கையில் இல்லை. சட்டம், போலீஸ், பூட்டு, ஜெயில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எல்லாம் நடந்தவை.

ஐந்தையும் முழுசாகப் படியுங்கள். வகையின் சட்டதிட்டம் முழுசாகப் படித்தால்தான் உறைக்கும். அதற்கப்புறம் வருகிற நூறு புத்தகத்தை இருபது நிமிடத்தில் பார்க்கலாம். அட்டை, பின்னட்டை, முதல் பத்துப் பக்கம், நடுவில் இரண்டு இடத்தில் அஞ்சஞ்சு பக்கம், கடைசி அத்தியாயம். ஆமாம், கடைசியைப் படித்துவிட வேண்டும். நமக்கு ரசனை கெட்டால் பரவாயில்லை, முடிவு தெரியாமல் ஒருத்தர் கையில் கொடுக்க முடியாது. பார்க்கும்போது உரையாடல் அதிகமா விவரணை அதிகமா என்று பக்கத்தைக் கண்ணால் அளக்கலாம்: வெள்ளை இடம் நிறைய என்றால் வேகம், எழுத்து அடர்ந்து கறுப்பாக இருந்தால் மெதுவு.

பேச்சிப்பாறை:

இருபது நிமிடத்தில் பார்த்ததை "படிச்சேன்" என்று மட்டும் சொல்லாதீங்க மக்கா. அடுத்த கேள்வி கேட்டதும் வழுக்கி விழுவீங்க. "இது நான் படிக்கல, ஆனா இது பிடிச்சவங்க நெறய பேரு இதையும் எடுக்காங்க" என்று சொன்னால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

பழையாறு:

பார்த்ததை எழுதி வையுங்கள். கட்டி அட்டையில் ஒரு புத்தகத்துக்கு ஒரு அட்டை. கதைச்சுருக்கம் எழுதாதீர்கள், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. ஒரு மாதிரி:

கரையெல்லாம் செண்பகப்பூ, சுஜாதா.
வாசல்: கதை, அடுத்து களம்.
நடை: வேகம், உரையாடல் அதிகம், சின்ன அத்தியாயம்.
களம்: கிராமம், பழைய ஜமீன் வீடு. நாட்டுப்பாடல் சேகரிக்க வருகிற பட்டணத்து இளைஞன்.
சுவை: பயமும் சிரிப்பும் மாறி மாறி.
கவனம்: கொலை உண்டு, ஆசையும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.
யாருக்கு: இந்திரா சௌந்தர்ராஜன் வாசகர், நாட்டுப்பாடலில் ருசி உள்ளவர், சுஜாதாவைத் தொடாதவருக்கு முதல் புத்தகம்.
யாருக்கு ஆகாது: கணேஷ், வசந்த்தைத் தேடி வருகிறவர். அவர்கள் இதில் இல்லை.

கடைசி வரிதான் அட்டையின் விலை. "யாருக்கு ஆகாது" என்று எழுதத் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். 'ஏழாம் உலகம்' அட்டையில் அந்த வரி இல்லாமல் கொடுத்துவிட்டு, உடல் ஊனமுள்ள பிச்சைக்காரர்களை விற்று வாங்குகிற காட்சியில் ஒரு பாட்டி உறைந்துபோனால் பழி யார்மேல்?

அட்டையில் வாசகர் பேர் எழுதாதீர்கள். சின்ன ஊர். யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்பது மேஜையைத் தாண்டக் கூடாது, "உங்க மருமகளும் இதத்தான் எடுத்தா" என்று அன்பாகக்கூடச் சொல்லக் கூடாது.

முட்டம் கலங்கரை:

உள்ளூர்ப் புத்தகம் பற்றி ஒண்ணு சொல்லணும். எல்லாரும் "குமரி மாவட்ட எழுத்தாளர்" என்று ஒரு மேஜை போட்டு 'ஒரு புளியமரத்தின் கதை', 'தலைமுறைகள்', 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 'காடு' எல்லாம் அடுக்குகிறார்கள். அடுக்குங்கள், தப்பில்லை. ஆனால் கடற்கரை ஊரிலிருந்து வருகிற பெண்ணிடம் "இது உங்க ஆளுங்க கதை" என்று கடல் நாவலை நீட்டாதீர்கள். விடிய விடிய கரையில் நின்று மீன் ஏலம் பார்த்தவருக்கு அதே கரையைப் பக்கத்தில் பார்க்க ஆசை இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவருக்கு ஊட்டி பங்களாவும் காரும் வேண்டியிருக்கலாம். இன்னொன்று, அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து படிப்பவர் வலைப் பேரு, காற்றின் பேரு தப்பினால் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். கடல் நாவலை உள்நாட்டு வாசகருக்குக் கொடுப்பது சுலபம், கடற்கரைக்காரருக்குக் கொடுப்பது கடினம்.

வட்டார வழக்கு அடுத்த சிக்கல். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைத் தேங்காப்பட்டணம் பக்கத்துக்காரர் சிரித்துக்கொண்டே படிப்பார். வேலைக்காக சேலத்திலிருந்து மாறி வந்தவர் மூன்றாம் பக்கத்தில் நிறுத்துவார், மலையாளமும் அரபுச் சொல்லும் கலந்து வரும். அவருக்குக் கொடுத்தே ஆகணும்னால், உரையாடலை வாய்விட்டு ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள். காதில் விழுந்தால் புரிகிற மொழி அது, கண்ணால் கூட்டினால் புரியாது. 'தலைமுறைகள்' நாவலுக்கும் இதேதான், உண்ணாமலை ஆச்சி பேசுவது இரணியல் செட்டித் தெருப் பேச்சு.

வில்லுக்குறி வாசகன்:

முட்டம் அண்ணே, இது எனக்குத் தோணவே இல்லை. 'தலைமுறைகள்'தான் முதல் மேஜையில் வைப்பதாக இருந்தேன்.

முட்டம் கலங்கரை:

வையுங்க தம்பி. பக்கத்திலேயே வேறு ரகம் நாலும் வையுங்க, அவ்வளவுதான்.

பேச்சிப்பாறை:

அலமாரி பற்றி யாரும் பேசவில்லையே. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி முறையில் தமிழ் நாவல் எல்லாம் 894.8113-க்குள் கிடக்கும், காதலும் கொலையும் சரித்திரமும் ஆசிரியர் அகரவரிசையில். ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் ஒரே தட்டில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்காது, மாற்றவும் வேண்டாம். முதுகில் சின்ன வட்ட ஒட்டி ஒட்டலாமா என்று நூலகரிடம் கேளுங்கள்: சரித்திரத்துக்கு ஒரு நிறம், மர்மத்துக்கு ஒன்று, குடும்பம்/காதலுக்கு ஒன்று, விஞ்ஞானக் கதைக்கு ஒன்று. நாலுக்கு மேலே போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒட்டியை எண் சீட்டுக்கு மேலே ஒட்டாதீர்கள், கீழே விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். நம்ம ஊர் ஈரத்துக்கு சாதா ஒட்டி ஒரு மழைக்காலத்தில் சுருண்டுவிடும், மேலே தெளிவான டேப் போடுங்கள்.

திரும்பி வந்த புத்தகங்களை உடனே அடுக்காதீர்கள். மேஜையில் அட்டை தெரிய வைத்தால் அதிலிருந்தே பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள். யாரோ படித்தது என்பதே ஒரு சிபாரிசு.

தோவாளை மல்லி:

ஒரே தடவையில் எத்தனை புத்தகம் நீட்டலாம்?

மார்த்தாண்டம் கடைத்தெரு:

மூன்று. ஒன்று கேட்டதற்கு அப்படியே ஒத்தது, ஒன்று பக்கத்து வகை, ஒன்று கொஞ்சம் எட்டிப்பிடிப்பது. ராஜேஷ்குமார் வாசகருக்கு: அவருடையதே இன்னொன்று, 'திருடன் மணியன்பிள்ளை', வேல ராமமூர்த்தியின் 'குற்றப் பரம்பரை'. மூன்றாவது வன்முறை கனத்தது, ஆனால் சினிமா வேகம். மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அருகே நின்றால் மரியாதைக்காக நீங்கள் கடைசியாகத் தொட்டதை எடுத்துக்கொள்வார்கள். அஞ்சு, ஆறு என்று குவித்தால் குழம்பி ஒன்றையும் எடுக்காமல் போவார்கள்.

சொல்லும்போது ஒரு வாக்கியம் போதும். கதை சொல்லாதீர்கள், நிலைமையைச் சொல்லுங்கள். "சாகித்ய அகாதெமி வாங்கியது" என்று சொல்லி விற்பது எனக்கே கடையில் சுலபம், ஆனால் விருது பேரைக் கேட்டதும் பாதி வாசகர்கள் பாடப்புத்தகம் என்று நினைத்து விலகுகிறார்கள்.

பழையாறு:

திரும்பிக் கொண்டுவரும்போது நடக்கும் பேச்சில்தான் நீங்கள் நிஜமாகக் கற்றுக்கொள்வீர்கள். "பிடிச்சுதா?" என்று கேட்டால் "நல்லா இருந்து சார்" என்பார்கள், நம் ஊரில் யாரும் கொடுத்தவர் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "எங்க நின்னுது?" என்று கேளுங்கள். அல்லது புத்தகத்தையே பாருங்கள்: 34-ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகிக் கிடந்தால் பதில் அதில் இருக்கிறது. அந்த 34-ஆம் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். புதுப் பாத்திரங்கள் கூட்டமாக வருகிற இடமா? பழைய கதைக்குத் திடீரென்று போகிற இடமா? வழக்கு மொழி அடர்த்தியாகும் இடமா? அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிக்காமல் கொடுத்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம் என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான்சி பேர்ல் கணக்கு ஒன்று உண்டு: ஐம்பது பக்கம் படி, பிடிக்கவில்லை என்றால் மூடு. ஐம்பது வயது தாண்டியவர் நூறிலிருந்து வயதைக் கழித்த பக்கம் படித்தால் போதும். எழுபது வயசுக்காரருக்கு முப்பது பக்கம். இதைச் சொன்னால் வயதானவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

வில்லுக்குறி வாசகன்:

மூன்று பேரை மனசில் வைத்துக் கேட்கிறேன், இவர்கள் கட்டாயம் வருவார்கள். ஒன்று, மலையாளம் சரளமாகவும் தமிழ் எழுத்துக்கூட்டியும் படிக்கிற பெரியவர், அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இரண்டு, 'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டு "இனி கொலைக்கதை தாங்க" என்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண். மூன்று, வளைகுடாவிலிருந்து திரும்பியவர், பள்ளி முடித்த பிறகு புத்தகமே தொடாதவர்.

முட்டம் கலங்கரை:

பெரியவருக்கு பஷீர், தமிழில். 'பால்யகால சகி' அவர் மலையாளத்தில் படித்திருக்க வாய்ப்பு உண்டு. தெரிந்த கதை என்பதால் எழுத்து தானாக வழிவிடும், அளவும் சின்னது. 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டும் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தவை, அது அடுத்து. பெரிய எழுத்துப் பதிப்பு பாருங்கள்.

தோவாளை மல்லி:

பெண்பிள்ளைக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் தமிழ் மொழிபெயர்ப்பு முதலில், புதிர் இருக்கும், அருவருப்பு இருக்காது. கூடவே சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அது கொலைக்கதை இல்லை, ஆனால் ஜீனோ என்கிற இயந்திர நாய்க்குட்டியிடமிருந்து அந்த வயதுப் பிள்ளை தப்ப முடியாது. பிடித்தால் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது. மாத நாவல்களை இன்னும் இரண்டு வருஷம் கழித்துத் தானாகவே கண்டுபிடிப்பாள்.

பழையாறு:

மூன்றாமவர் கடினம். 'ஆடு ஜீவிதம்' என்று கை நீளும், நிறுத்துங்கள். பாலைவனத்தில் பட்டவருக்கு அது மருந்தா ரணமா என்று முதல் நாள் நமக்குத் தெரியாது. மீரான் மைதீனின் 'அஜ்னபி'யும் வளைகுடாதான், ஆனால் சிரிப்பு கலந்தது, பல பேர் நடமாடுகிற புத்தகம், அதையும் அவராக அந்த ஊர்ப் பேச்சை எடுத்த பிறகே காட்டுங்கள். முதல் நாள் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' போல ஒன்று கொடுக்கலாம்: உப்பு, எண்ணெய், தேங்காய் என்று சின்னச் சின்னக் கட்டுரை, எங்கே திறந்தாலும் தொடங்கலாம், எங்கேயும் நிறுத்தலாம். படித்துப் பழக்கம் விட்டுப்போனவருக்கு முதல் தேவை ஒன்றை முடித்தோம் என்ற நிறைவு, அதை மூன்று பக்கத்தில் கொடுக்கிற புத்தகம் வேண்டும். உங்கள் நூலகத்தில் பிரதி இருக்கிறதா என்று சனிக்கிழமைக்கு முன்னாலேயே பட்டியலில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சிபாரிசு செய்துவிட்டு "வெளியே போயிருக்கு" என்று சொல்வது போல மோசம் வேறில்லை.

பேச்சிப்பாறை:

அட்டைகளைப் பென்சிலில் எழுதுங்க. ஆறு மாசத்தில் பாதி "யாருக்கு" வரி மாறிவிடும்.